முதல் பாதி மட்டும் தெரிந்த பெரியம்மா

மனித இனம் தோன்றிய நாளிலிருந்து மயங்கி விழுந்தவர்கள் அத்தனை பேரையும் ஒரு பெரிய மைதானத்தில் வரிசையாகப் படுக்கவைத்து, இவர்களில் யார் ஒழுங்காக மயங்கியது என்று பரிசு கொடுக்கச் சொன்னால், அந்தப் பரிசு என் பெரியம்மாவுக்குத்தான். போரில் நாட்டைக் கோட்டைவிட்ட ராஜாக்கள், காதல் கடிதம் திரும்பி வந்த ராணிகள், கணக்குப் பரீட்சை முடிவைப் பார்த்த என்னைப் போன்ற அறிஞர்கள் எல்லோரும் எழுந்து, முதுகுத் தூசியைத் தட்டிவிட்டு, அவளுக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நிலாவிலிருந்து பார்த்தாலும் அவள் விழுவது தெரியும் என்று சொல்ல மாட்டேன். தியேட்டர் பால்கனியின் கடைசி வரிசையிலிருந்து தெரியும். அதற்கு மேல் என்ன வேண்டும்.

இப்போது பார்ப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். மார்க்கெட் தெருவில் செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு கடை. உள்ளே ஒரு தையல் மிஷின், ஒரு முக்காலி, பெரியம்மா. பேண்ட்டுக்கு ஜிப் மாற்றுவாள், கால் நீளம் குறைப்பாள், வயிறு பெருத்தவர்களுக்கு இடுப்பில் தையலைப் பிரித்து விட்டுக்கொடுப்பாள். யார் வயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். நான் பேசுவேன். அதனால்தான் என்னைக் கடைக்குள் நிற்கவிடுவதில்லை. ஒருநாள் ஷட்டரில் சாக்பீஸால் 'இன்று மயக்கம் கிடையாது, ஜிப் மட்டும்' என்று எழுதிவைத்தேன். இரண்டு பேர் உள்ளே போய், மயக்கம் நாளைக்கு உண்டா என்று கேட்டுவிட்டு வந்தார்கள். பெரியம்மா அளவு டேப்பைச் சாட்டை மாதிரி சுழற்றிக்கொண்டு என்னை மருந்துக் கடை வரை துரத்தினாள்.

தெருவில் பழைய ஆட்கள் அவளை இன்னும் 'ஸ்ட்ரெச்சர் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். காரணம் இதுதான். கல்யாணத்துக்கு முன்பு அவள் தெருமுனை தியேட்டரில் வேலை பார்த்தாள். டிக்கெட் கிழிக்கும் வேலை இல்லை, பெருக்கும் வேலை இல்லை. மயங்கி விழும் வேலை.

அந்தத் தியேட்டரில் நல்ல படம் எதுவும் வராது. பேய்ப் படம், ரத்தக் காட்டேரிப் படம், ராத்திரியானால் பாம்பாக மாறும் டாக்டர் படம் என்று வரும். போஸ்டரில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் முதலை படத்தில் தலைகாட்டவே காட்டாது. படத்தில் பயமில்லாததால் பயத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. அது மேனேஜரின் பொறுப்பு. வாசலில் 'இதயம் பலவீனமானவர்கள் தயவுசெய்து திரும்பிப் போகவும்' என்று ஒரு பலகை வைத்தார். பலகைக்குப் பக்கத்தில் வெள்ளை உடுப்பு போட்டு ஒரு நர்ஸை உட்காரவைத்தார். அது அவருடைய மனைவி. தெர்மாமீட்டரைத் தலைகீழாகப் பிடித்திருப்பாராம். கடைசியாக, இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பயத்தில் மயங்கி விழ ஒரு பெண் தேவைப்பட்டாள்.

பெரியம்மா மற்றவர்களோடு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி உள்ளே போவாள். காட்சிக்குக் காட்சி வேறு வரிசை, வேறு சேலை. சரியான இடம் வந்ததும் தொண்டைக்குள் ஒரு சின்னச் சத்தம். பிறகு பாதி எழுந்து, பக்கத்து ஆளின் தோளைப் பிடித்து, பக்கவாட்டில் சரிவாள்.

"நேரா பின்னால விழுந்தா அது நடிப்புடா," என்று எனக்கு விளக்கியிருக்கிறாள். "சைடுல விழுந்தாத்தான் பக்கத்துல இருக்கிறவனுக்கும் பயம் ஒட்டும்."

உடனே இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவருவார்கள். கால் பக்கம் தூக்கியவர் பல்பு மாற்றுகிறவர். தலைப்பக்கம் தூக்கியவர் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறவர். அவர்தான் என் பெரியப்பா. முதல் வாரத்திலேயே பெரியப்பா ஒரு காரியம் செய்தார். திரையில் எலும்புக்கூடு எழுந்ததும் அவருக்கே உதறல் எடுத்து, குறித்த நேரத்துக்கு முன்பே ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். விழ வேண்டியவள் கடலை கொறித்துக்கொண்டிருக்கிறாள். தியேட்டரே திரும்பி ஸ்ட்ரெச்சரைப் பார்க்கிறது. பெரியம்மாவும் பார்த்தாள். பார்த்துவிட்டு, அந்த ஸ்ட்ரெச்சரைக் கண்ட பயத்திலேயே மயங்கி விழுந்தாள். அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் வேறெந்த நாளும் கிடைக்கவில்லையாம்.

"உங்க பெரியப்பாவுக்கு அன்னைக்கே மூளை மெதுவாத்தான் ஓடும்னு தெரிஞ்சிருச்சு," என்பாள்.

"ஓடினதுதான் தப்பாப் போச்சு," என்பார் பெரியப்பா.

ஒருநாள் அவள் காய்ச்சலோடு வேலைக்குப் போய் நிஜமாகவே மயங்கிவிட்டாள். அதே இடம், அதே நேரம். மேனேஜர் உள்பட யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தூக்கியதும் பெரியப்பாவுக்கு மட்டும் தெரிந்தது. நடிக்கிற உடம்பு தூக்குகிறவனுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்யுமாம், நிஜமாக மயங்கின உடம்பு எதுவும் செய்யாதாம். வழக்கமான பின்கட்டு அறைக்குப் போகாமல் பெரியப்பா தெருவைத் தாண்டி நேராக ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார். பல்புக்காரர் வழியெல்லாம் "என்னய்யா இது, படத்தைத் தாண்டிப் போறியே" என்று கத்திக்கொண்டே வந்தாராம். கல்யாணம் அதற்குப் பிறகுதான்.

இதெல்லாம் கேட்க ஜாலியாக இருக்கிறது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. மயங்கினவள் திரும்பி உள்ளே வரக் கூடாது என்பது மேனேஜரின் சட்டம். ஆட்டம் முடிந்து கடைசி ஆள் போகும்வரை பின்கட்டு அறையில் பழைய போஸ்டர்களின் மேல் படுத்துக் கிடக்க வேண்டும். அதனால் அங்கே ஓடிய எந்தப் படத்துக்கும் அவளுக்கு இரண்டாம் பாதி தெரியாது. முதல் பாதியைக் கேட்டால் வசனத்தோடு சொல்வாள். பாம்பு டாக்டர் கடைசியில் பிடிபட்டாரா என்றால், "எனக்கு எப்படிடா தெரியும், நான்தான் மயங்கிட்டேனே" என்பாள்.

மற்றதெல்லாம் போகட்டும். கிணற்றுப் படம் என்று ஒன்றை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. அதில் ஒரு ஏழைப் பெண்ணைப் பண்ணை வீட்டுக்காரர்கள் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். அவள் கல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவாள், கை நழுவும். அங்கேதான் பெரியம்மா விழ வேண்டும். அந்தப் படம் வாரக்கணக்கில் ஓடியது. காட்சிக்குக் காட்சி அந்தப் பெண்ணைக் கிணற்றில் விட்டுவிட்டுத்தான் இவள் வெளியே வந்தாள். பின்கட்டு அறையில் படுத்திருக்கும்போது சுவருக்கு அப்பால் அந்தப் பெண்ணின் குரல் கேட்கும். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதாம். பிறகு அந்தப் படம் எங்கேயும் வரவில்லை. பிரிண்ட்டே இல்லை என்றார்கள். தெருவில் பார்த்தவர்களைக் கேட்டால் ஒருவர் செத்தாள் என்றார், ஒருவர் பேயாக வந்தாள் என்றார், செருப்புக் கடைக்காரர் அது கிணறே இல்லை, லிப்ட் என்றார்.

போன மாதம் கடை வாசலில் ஒரு தாடி வந்து நின்றது. கிழிந்த பேண்ட். பெரியம்மா முழங்கால் கிழிசலைப் பார்த்து, "தைக்கணுமா தம்பி?" என்றாள்.

"இல்லம்மா, இது வாங்கும்போதே இப்படித்தான்," என்றார் அவர். "நீங்கதான் ஸ்ட்ரெச்சர் அக்காவா?"

அவர் ஒரு டைரக்டர். அவருடைய அப்பா சின்ன வயதில் கிணற்றுப் படத்தைப் பார்த்துவிட்டு, மகனைத் தூங்கவைக்க அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தாராம். எப்படித் தூங்கினாரோ. அந்தப் படத்தை அதே மாதிரி திரும்ப எடுத்திருக்கிறார். கோடுகூடப் போட்டிருக்கிறார். பழைய பிலிமில் மழை பெய்வது மாதிரி கோடு விழுமே, அதைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக வரைந்தார்களாம். நடுநடுவே படம் குதிக்கும், நிறம் வெளுக்கும், சத்தம் உதட்டோடு ஒட்டாது. எல்லாம் வேண்டுமென்றே.

"நாங்க அந்தக் கோட்டை மறைக்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்," என்றார் வாசல்படியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, அவருக்கும் பிலிமுக்கும் சம்பந்தம் இருந்தது போல.

டைரக்டருக்குக் கோபம் வரவில்லை. "அந்த தியேட்டர், அந்த கூட்டம், அந்த வாசனை... அதெல்லாம் எனக்குக் கிடைக்கலையேம்மா," என்றார். நிஜமாகவே ஏங்கினார்.

"அந்த வாசனை இப்பவும் இருக்கு தம்பி. சைடு சுவரோரமா போய் நில்லுங்க," என்றாள் பெரியம்மா.

அவர் கேட்டது இது. படத்தின் முதல் காட்சி தெருமுனை தியேட்டரிலேயே. ஒரே ஒரு மதியக் காட்சி, அதோடு படம் வெளிநாட்டு விழாக்களுக்குப் போய்விடும். நர்ஸ், பலகை எல்லாம் வைக்கிறார். இடைவேளைக்கு முன் பெரியம்மா மயங்கி விழ வேண்டும்.

பெரியம்மா ஊசியில் நூல் கோத்தபடி, "விழுந்துட்டு நான் திரும்ப உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.

டைரக்டர் தாடியைச் சொறிந்தார். "ஆம்புலன்ஸ்ல ஏத்தி ஊரைச் சுத்தி வர்றதா பிளான் போட்டிருக்கோம்மா. போட்டோக்காரங்க எல்லாம் வருவாங்க. அந்தக் காலத்துல எப்படியோ அப்படியே வேணும். முடிவு தெரியணும்னா நான் இப்பவே சொல்லிடறேன்."

"சொல்லாதீங்க," என்று அவள் அவசரமாகத் தடுத்தாள். "அதைப் பார்க்கணும். கேக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டினாள். பிறகு, "சரி, விழறேன்," என்றாள். அவ்வளவு ஆசையோடு வாசலில் நிற்கிறவரை எப்படித் திருப்பி அனுப்புவது என்பது அவள் கவலை. அவர் போன பிறகு தைத்த ஜிப்பைத் தலைகீழாகத் தைத்திருந்தாள். நான் கிண்டல் பண்ணவில்லை. எனக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மதியம் தியேட்டருக்குள் போனபோது எனக்கே பாவமாக இருந்தது. ஓனர் போன வருடம்தான் கடன்பட்டு முன்வரிசை சீட்டுகளுக்கு உறை மாற்றியிருந்தார். டைரக்டரின் ஆட்கள் வந்து அதை அழகாகக் கிழித்திருந்தார்கள். நிஜ ஒட்டடைக்கு மேல் ஸ்ப்ரே ஒட்டடை அடித்திருந்தார்கள். நகரத்திலிருந்து வந்திருந்த கூட்டம் கிழிசலைப் போட்டோ எடுத்தது. ஸ்பிரிங் குத்தியவர்கள் சந்தோஷமாகக் கத்தினார்கள்.

பெரியம்மா நடு வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான், எனக்கு அந்தப் பக்கம் பெரியப்பா. படம் ஓட ஓட அவள் உதடு அசைந்தது. வசனங்கள் சரியாக இருந்தனவா என்று தெரியவில்லை, ஆனால் ஒன்றிரண்டு இடத்தில் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள். பண்ணை வீட்டுக்காரர்கள் வந்தார்கள். கூட்டம் சிரித்தது. கிணறு வந்தது. அந்தப் பெண் கல்லைப் பிடித்துத் தொங்கினாள். பெரியம்மா சிரிக்கவில்லை. சீட்டின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து பார்த்தாள், அடுத்த நொடி விழ வேண்டியவள் மாதிரியே இல்லை. அந்தப் பெண்ணின் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. பெரியம்மா மூச்சை இழுத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எழ ஆரம்பித்தாள்.

நான் முந்திக்கொண்டேன். "அய்யோ" என்று அலறி எழுந்து, பக்கவாட்டில் சரிந்து, அவள் காலடியில் விழுந்தேன். முழங்கை இரும்பில் இடித்து நிஜமாகவே உயிர் போனது.

இரண்டு ஜிம் பையன்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்து திகைத்து நின்றார்கள். "லேடின்னுதானே சொன்னாங்க," என்றான் ஒருவன். "எவன் விழுந்தா என்ன, தூக்கு. போட்டோ எடுக்கறாங்க பாரு," என்றான் இன்னொருவன். கைதட்டல் கேட்டது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒரு திட்டம் இவ்வளவு கச்சிதமாக நடந்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

என்னை ஸ்ட்ரெச்சரில் போட்டதும் பெரியம்மா குனிந்து நெற்றியில் கை வைத்தாள். பார்ப்பவர்களுக்குப் பதறுகிற மாதிரிதான் இருந்திருக்கும். காதருகே அவள் குரல் மட்டும் வந்தது.

"மயங்குறவன் எவனாவது, உடைஞ்சிடும்னு போனை எடுத்துப் பெரியப்பா மடியில வச்சிட்டு விழுவானாடா?"

நான் அசையவில்லை. செத்த பிணம் மாதிரி கிடந்தேன்.

"நான் உட்கார்ந்து பார்த்துட்டு வர்றேன்," என்றாள் அவள், இன்னும் மெதுவாக. "ஆனா உனக்கு முடிவு தெரியாமப் போயிடுமேடா."

"பரவாயில்ல பெரிம்மா," என்றேன்.

"மயங்கினவன் பதில் சொல்றான் பாரு," என்றாள்.