இலை உதிர்த்த அழிஞ்சில்

காலை 6.10. கோடம்பாக்கத்தில் ஆட்டோ ஏறினோம். அடையாறுக்கு ஒன்பது கிலோமீட்டர். இருநூற்றைம்பது கேட்டார் ஓட்டுநர். விடிந்ததும் விடியாததுமாகக் கொள்ளையா என்று கத்தினேன். இருநூறுக்கு இறங்கினார்.

கூட வந்தவன் செல்வம். சினிமா செட்டுக்குத் துணிப்பூ செய்கிறவன். மறுநாள் படப்பிடிப்புக்குப் பூத்த அழிஞ்சில் மரம் ஒன்று வேண்டும். அசல் மாதிரி இல்லையென்றால் இனி வேலை வேறு ஆளுக்கு என்று டைரக்டர் சொல்லிவிட்டார். மரம் பார்ப்பது என் பைத்தியம் என்பதால் என்னிடம் வந்தான். பூவை நம்பாதே, இலையைப் பார் என்று மேதாவி போலச் சொல்லி, ஐப்பசியில் பறித்து வைத்திருந்த இலையைக் கொடுத்தேன். அதைப் பார்த்து மூவாயிரம் துணி இலை வெட்டி செட் மரம் முழுக்கக் கட்டிவிட்டான். பூ மட்டும் பாக்கி. அசல் பூவைப் பார்க்கத்தான் இந்தப் பங்குனிக் காலையில் கிளம்பினோம். துணி இலை கட்டிய மாதிரிக் கிளை அவன் மடியில் இருந்தது.

6.35. ராஜா அண்ணாமலைபுரத்தில் புங்கம்பூ பொரி போலக் கொட்டிக் கிடந்தது. ஆட்டோ அதன்மேல் சத்தமில்லாமல் போனது.

7.00. அடையாற்றின் கரையில் பழைய தோப்பு. ஒரு காம்பைச் சுற்றி ஏழு இலை, அது ஏழிலைப்பாலை. புல்லுக்குள் சட்டைப் பொத்தான் அளவு நீலப்பூ, அது விஷ்ணுகிராந்தி. வெயில் கிளைகளுக்குள் தண்ணீர் மாதிரி இறங்கியது. தூக்கத்தில் நடப்பது போலிருந்தது.

தெரியாத ஒரு வாசனை எங்களை இழுத்துப் போனது. மொட்டை மரம். முள்ளுக்கு நடுவே வெள்ளைப் பூக்கள், நாடா போன்ற இதழ்கள் பின்னால் சுருண்டிருந்தன. காலடிச் சருகை எடுத்துப் பார்த்தேன். நான் கொடுத்த அதே இலை. அழிஞ்சில்தான்.

செல்வம் தன் கிளையைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான்.

"இலை எங்க கீது நைனா?"

"கொட்டிடுச்சு. பூக்கும்போது வெச்சுக்காது போல."

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

பங்குனியில் ஒருநாளும் அழிஞ்சிலைப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டேன். முட்டாள் நான்தான். அவன் திட்டவில்லை. உட்கார்ந்து இதழ்களை எண்ணி வரைந்துகொண்டான்.

9.15. திரும்பும் ஆட்டோவில் கிளையிலிருந்து இலைகளைப் பிய்க்கத் தொடங்கினான். பாலத்துக் காற்றில் அவை வண்டிக்குள் பறந்தன.

"இன்னா சார், வண்டில குப்ப போட்டுக்கினு வர்றீங்க?" என்றார் ஓட்டுநர்.

"குப்ப இல்ல மாமா. மரம் இலை உதுக்குது."

சாயங்காலம் வரை இருவரும் செட்டில் மூவாயிரத்தையும் பிய்த்தோம். அவனைப் பூக் கட்ட விட்டுவிட்டுத் தி. நகரில் என் வீட்டுக்குத் திரும்பியதும் வாசல் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். பதினைந்து வருடமாக அதன் இலை தெரியும். எப்போது பூக்கும் என்று தெரியாது.

மறுநாள் மதியம் செல்வம் போன் செய்தான். டைரக்டர் மரத்தை மூன்று முறை சுற்றி வந்தாராம்.

"அப்புறம்?"

"கிட்ட போயி பூவ மோந்து பாத்தாரு நைனா."