சிறீதரன் சுழியோடிய கதை

ஜேர்மனியின் எசன் நகரில் டயர் கடையொன்றில் வேலை செய்யும் சிறீதரனை எங்கள் ஆட்களுக்கு இரண்டு விதமாகத் தெரியும். ஒக்டோபரில் குளிர்கால டயர் மாற்ற ஊரே வரிசையில் நிற்கும்போது, எப்படியாவது நடுவில் ஓர் இடம் பிடித்துத் தரக்கூடிய மனுசன் என்பது ஒன்று. மன்னார்க் கடலில் சங்கு குளித்தவர், நேவி சுட்டபோது படகிலிருந்து குதித்து, தண்ணீருக்கடியில் மூச்சைப் பிடித்துக் கிடந்து தப்பியவர் என்பது மற்றது. முதலாவது உண்மை.

அவருடைய தகப்பனுக்குச் சுன்னாகத்தில் சைக்கிள் கடை இருந்தது. வீட்டிலிருந்து கடலைப் பார்க்க பஸ் ஏற வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே அகதி முகாமுக்கு வந்தபோது, பக்கத்துக் கட்டிலில் வின்சன்ற் என்ற மன்னார்ப் பெடியன் படுத்திருந்தான். சங்கு குளித்ததும் குதித்ததும் தப்பியதும் அவன்தான். அவன் லண்டனில் இருந்த தமையனிடம் போவதற்கு ஆயத்தமாக இருந்தான்.

"உன்ரை கதை எல்லாற்றை கதையையும் போல கிடக்கு, மச்சான்," என்றான் வின்சன்ற். "சென்றியில மறிச்சவங்கள், அடிச்சவங்கள் எண்டு நூறு பேர் சொல்லியாச்சு. என்ரை கதையை வைச்சிரு. எனக்கு இஞ்ச தேவையில்லை."

சிறீதரன் பாடமாக்கினார். விசாரணையில் பிழையில்லாமல் ஒப்புவித்தார். அகதிக் கேஸ் ஏற்றுக்கொள்ளப்பட்டது. விசயம் தெரிந்தவர்கள் ஒரு புத்தி சொன்னார்கள்: குடுத்த கேஸை ஒருநாளும் மாத்தாதை, கட்டப்போறவளுக்கும் சொல்லாதை, பைல் ஒருக்காலும் மூடுறேல்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் திறக்காமலே கதை வளர்ந்தது. கலியாணத் தரகர் அதை அம்பிகாவின் வீட்டில் சொன்னார். அம்பிகா இங்கு வந்து பிறந்தநாள் வீடுகளில் சொன்னாள். மகள் நிருஷா பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதி, வகுப்பின் முன்னால் வாசித்தாள். நீச்சல் தடாகத்துக்குப் போனால் சிறீதரன் பைகளுக்குக் காவலாக நிழலில் இருந்துகொள்வார். "கடலுக்குள்ள கிடந்தவனுக்கு இந்தத் தொட்டி என்னத்துக்கு?" என்று ஒருமுறை சொல்லிவைத்தார். சனம் சிரித்தது. அதுவும் கதையோடு சேர்ந்துகொண்டது.

இந்தக் கோடையில் நிருஷாவுக்கு இருபத்தாறு. பிசியோதெரபி படித்து முடித்து வேலையில் சேர்ந்த கையோடு, கீல் நகருக்கு வடக்கே ஒரு சின்னக் குடாவில் புதிதாகச் சுழியோடுபவர்களைக் கூட்டிப்போகும் இடத்தில் இரண்டு பேருக்குப் பதிந்துவிட்டாள். ஆழமில்லாத இடம். அடியில் பழுப்பு நிறக் கெல்ப் பாசி காடாக வளர்ந்திருக்குமாம்.

"அப்பா திரும்பக் கடலுக்குள்ள போகோணும்," என்றாள். "நானும் வாறன்."

"முழங்கால் ஏலாதம்மா."

அவள் அவரை சோபாவில் கிடத்தி, காலை மடக்கி, நீட்டி, திருப்பிப் பார்த்தாள். "முழங்காலில ஒண்டுமில்லை, அப்பா. எழும்புங்கோ."

வடக்கு நோக்கிய அந்த நீண்ட கார்ப் பயணத்தில் அம்பிகா புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் பெட்டியில் வைத்திருந்தாள். சிறீதரன் பெட்டியைத் திறக்கவில்லை. கடற்கரை வந்ததும் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டார்.

கடற்கரையில் சிறுபிள்ளைகள் வாளியோடு ஓடித் திரிந்தார்கள். பயிற்றுநர் லிசா, மெலிந்த, வெயிலில் சிவந்த பெண், ரப்பர் உடுப்பைக் கொடுத்தாள். அது கால் வழியாக ஏற மறுத்தது. தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள்.

"வயித்தை உள்ளுக்கு எடுங்கோ, அப்பா."

"எல்லாம் உன்ரை அம்மாவின்ரை புட்டு."

"நல்லாயிருக்கு கதை," என்றாள் அம்பிகா. "நான் தீத்தியே விட்டனான்?"

நீந்தத் தெரியுமா என்று லிசா கேட்டாள். சிறீதரன் வாயைத் திறந்தார். அதற்குள் நிருஷா டொச் மொழியில் தொடங்கிவிட்டாள். மன்னார், சங்கு, நேவி, குண்டு. அவர் விசாரணையில் சொன்னதைவிட அழகாகச் சொன்னாள். லிசா கண் கலங்கி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். முதுகில் அம்பிகா சிப்பை மேலே இழுத்து மூடினாள். ரப்பர் தொப்பி காதை அடைத்தது. இடுப்பில் ஈயக்கட்டி, முதுகில் சிலிண்டர். பிறகு வாயில் குழாயை வைத்தார்கள். அதோடு பேச்சும் முடிந்தது.

தண்ணீர் நெஞ்சளவு வந்ததும், நிருஷா பின்னால் வர, லிசா காட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையைத் தாழ்த்தினார். பச்சையாக இருந்தது. தன் மூச்சின் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. வாயிலிருந்து குமிழிகள் மேலே போயின. கடையில் டயர் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கினால், ஓட்டை இருக்கிற இடத்திலிருந்து இப்படித்தான் குமிழி வரும். ஓட்டை நான்தான் என்று நினைத்தார்.

கயிறு கீழே போனது. காடு என்றார்கள், ஆள் உயரங்கூட இல்லை. கல்லுகளில் வேர்போலப் பற்றிக்கொண்டு, நீளநீளமான பழுப்புத் தோல்வார்கள் ஒன்றின்மேல் ஒன்று புரண்டுகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று அவருடைய காலில் சுற்றியது. உதற நினைத்தார். கால் கேட்கவில்லை. மேலே போக வேண்டுமென்றால் பெருவிரலைத் தூக்கிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். விரல் கயிற்றை விடவில்லை. உடம்பு முழுக்க ஓர் இடத்தில் இறுகி நின்றுவிட்டது. மேலே போனால், கரையில் கால் வைத்தவுடன் சொல்லிவிடுவேன் என்று யாரிடமோ சத்தியம் செய்தார்.

அப்போதுதான் யாரோ அவருடைய கையைக் கவ்விப் பிடித்தார்கள். நிருஷா. கண்ணாடிக்குள் அவளுடைய கண்கள் பெரிதாகி, குமிழிகள் தாறுமாறாகப் பறந்தன. அவள் பயந்துபோய், அவருடைய கழுத்தடியில் முகத்தை வைத்து, இரண்டு கையாலும் தொங்கினாள். சிறீதரன் அசையவில்லை. அசைய முடியவில்லை. லிசா வந்து இருவரையும் சேர்த்துப் பிடித்து மெல்ல மேலே கொண்டுவந்தாள்.

கரையில் நிருஷா இருமினாள், அழுதாள், பிறகு சிரித்தாள்.

"நான் செத்தனெண்டு நினைச்சன், அம்மா. அப்பா அசையவே இல்லை. கல்லு மாதிரி நிண்டவர். அவர் அப்பிடி நிண்டபடியாத்தான் நான் தப்பினன்."

லிசாவும் தலையை ஆட்டினாள். இப்படியொரு நிதானத்தைத் தான் கண்டதில்லை என்றாள்.

நிருஷா உடை மாற்றப் போனாள். காருக்குப் பின்னால் அம்பிகா அவருடைய உடுப்பை உரித்தாள். அவருடைய பல்லு கிடுகிடுத்தது.

"உங்களுக்கு நீந்தத் தெரியாது," என்றாள் அவள், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டே. "கலியாணம் முடிச்ச வருசம் ஒல்லாந்துக் கடற்கரைக்குப் போனமே. முழங்காலுக்கு மேல இறங்கேல்லை நீங்கள். சங்கு குளிச்ச ஆள்."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் சொல்லுவியள். சொன்னா நானும் ஒளிச்சு வைச்சிருக்கோணும். ஒராள் ஒளிக்கிறது காணாதே?"

"அப்ப இண்டைக்கு ஏன் இறங்க விட்டனீ?"

அவள் துவாயால் அவருடைய தலையை அழுத்தித் துடைத்தாள். "எங்கையாவது ஒரு இடத்தில நீங்களே நிப்பாட்டுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். கயிற்றடிவரைக்கும் பாத்தன்."

திரும்பும் வழியில் நிருஷா ஓட்டினாள். சிறீதரன் பின்சீற்றில் இருந்தார். தண்ணீருக்கடியில் செய்த சத்தியத்தை நினைத்தார்.

"பிள்ளை, நான் ஒரு விசயம் சொல்லோணும். அந்த மன்னார்க் கதை…"

"ஓம், சொல்லுங்கோ அப்பா." கண்ணாடியில் அவளுடைய கண்கள் அவரைத் தேடின. இன்னும் சிவந்திருந்தன. "நான் அங்க கீழ அதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். அதை நினைச்சுத்தான் மூச்சு எடுத்தனான்."

முன்சீற்றில் அம்பிகா திரும்பி அவரைப் பார்த்தாள். சொல்லலாம், சொல்லாமலும் விடலாம் என்பதுபோல் பார்த்தாள்.

"சொல்லுங்கோவன்," என்றாள் நிருஷா.

அவர் இருக்கைப் பட்டியை நெஞ்சிலிருந்து சற்று இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"அங்கத்தைத் தண்ணி," என்றார், "இவ்வளவு குளிரில்லை."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "அதுதான் அடுத்த வருசம் எகிப்துக்குப் போவம். அங்கை சூடான தண்ணி. நாங்கள் மூண்டு பேரும்."

"நான் பைகளைப் பாக்கிறன்," என்றாள் அம்பிகா.