அவர் பெயர் இல்லாத திருத்தம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். சிலாவத்துறைக்குத் தெற்கேயிருந்த மீன்வாடியில் ஜீப்பை விட்டு இறங்கியதும் நான் முதலில் கண்டது, கிடுகுக் கொட்டில் ஒன்றில் மீன்பெட்டிமேல் நின்ற அந்தோனியார் சொரூபம். வாடைக்காற்று எழும்பினால் மன்னார்த் தீவின் வடகரை மீனவக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டி, வலை, கோழி, பிள்ளைகள், புனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்துவிடும். சித்திரையில்தான் திரும்பும். அந்த ஆண்டு அவர்கள் இல்லாத நேரத்தில் வாக்காளர் இடாப்புக்குப் பெயர் பதிய ஊர் அதிகாரியான விதானையார் போயிருந்தார். பூட்டிய கதவுகளைக் கண்டு ‘ஊரைவிட்டுப் போனவர்கள்’ என்று எழுதிப் பெயர்களை வெட்டிவிட்டார்.

என்னுடன் வந்தவர் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர். அரசியலில் இருந்த காலம் முழுவதும் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர். அமைச்சர் கதிரையில் ஒரு நாளும் இருந்ததில்லை. நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் மன்னார் நிருபர்.

வாடியை நடத்திய சம்மாட்டியாரின் மனைவி, மீன் பிரித்த கையைக் கழுவாமலே வந்து நின்றார்.

“அந்தோனியாரும் எங்களோடதான் வந்தவர். அவற்ற பேரையும் வெட்டிப்போட்டினமோ, ஐயா?”

வாடியே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

“பேர் இல்லாட்டி நாளைக்கு எங்களைக் கள்ளத்தோணி எண்டுவாங்கள். அக்கரை இந்தியாவால வந்தவையெண்டு கப்பலேத்தினால் ஆர் கேக்கிறது? சும்மா தலையாட்டிப்போட்டுப் போகாதையுங்கோ.”

“ஓம் பிள்ளை” என்று மட்டும் உறுப்பினர் சொன்னார்.

திரும்பும் வழியில், குலுங்கும் ஜீப்பில், முழங்காலில் தாளை வைத்து, வாக்காளர் பதிவுச் சட்டத்துக்கு மூன்று வரித் திருத்தம் எழுதினார். தொழிலுக்காகப் பருவத்துக்கு இடம் மாறுவோரைச் சொந்த ஊரிலேயே பதிய வேண்டும். பூட்டிய வீடு பெயரை வெட்டக் காரணமாகாது. அதில் மன்னார் என்ற சொல் இல்லை. மேற்குக் கரைச் சிங்கள மீனவருக்கும், அறுவடைக்கு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கும் அது பொருந்தியது. எதிர்க்கட்சியின் திருத்தத்துக்கு ஆளுங்கட்சி கை தூக்காது. ஆகவே அந்தத் தாளை ஆளுங்கட்சியின் மேற்குக் கரை உறுப்பினர் ஒருவரிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அவருடைய வேலைமுறை அதுதான்.

“இதைப் பத்திரிகையில எழுதட்டோ, ஐயா?” என்று கேட்டேன்.

“வேண்டாம் தம்பி. என்ர பேரைக் கண்டால் ஒருத்தனும் கை தூக்கான்.”

“நிறைவேறின பிறகு?”

“பிறகும் வேண்டாம். அடுத்தமுறை என்ர கடுதாசியை ஆர் வாங்குவான்?”

திருத்தம் நிறைவேறியது. முன்மொழிந்தவரின் பெயரை எழுதினேன். செய்தியில் பிழை இல்லை. நாட்டை ஆண்டவர்கள் சொன்னதையெல்லாம் நாங்கள் பத்தி பத்தியாக அச்சடித்த காலம் அது. அவர்களுடைய சட்டங்களில் எத்தனை வரிகள் இவருடைய முழங்காலில் எழுதப்பட்டவை என்பதை இப்போது பாராளுமன்றப் பதிவான ஹன்சாட் தொகுதிகளைப் புரட்டிப் பார்த்தாலும் அறிய முடியாது.

அடுத்த பொதுத்தேர்தலும் வாடைக் காலத்தில் வந்தது. ஆளுங்கட்சி வேட்பாளர் அந்தத் திருத்தத்தைத் துண்டுப்பிரசுரமாக அடித்து வாடிவரை அனுப்பியிருந்தார். வாடிக்காரர் சொந்த ஊருக்கு லொறிகளில் வந்து வாக்களித்தார்கள். சம்மாட்டியாரின் மனைவி என்னைக் கண்டு நின்றார்.

“ஐயா நல்ல மனுசன்தான், தம்பி. ஆனால் பேரைத் திருப்பித் தந்தது அந்தக் கட்சிக்காரரெல்லோ. நன்றி மறக்கலாமே?”

கையிலிருந்த துண்டுப்பிரசுரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இடாப்பில் பெயர் இல்லையென்று அன்று வாடிக்காரர் ஒருவரும் திருப்பி அனுப்பப்படவில்லை. உறுப்பினர் தோற்றார்.