பூட்டைத் திறந்ததும் வெடித்த துப்பாக்கி

அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்து கிடந்தது. மலாயாவில், கோலா பிலா போகும் சாலையை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் பாதி லயங்கள், அதாவது ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், காலியாகிவிட்டன. ஆட்களை லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் இந்தியாவில் இருக்கும் ஊருக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக உருட்டும் ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே இஞ்சின் ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. என்னோடு இருந்த மூன்று பேரும் போய்விட்டதால், ரோலரும் புகைக்கூடமும் என் தலையிலேயே விழுந்தன. காலையில் எழும்போதே முதல் நாள் வேலையை இன்னும் முடிக்காதவன் போலத்தான் எழுவேன்.

புதிதாக ரப்பர்க் கன்று நட்ட காட்டில் பன்றிகள் புகுந்து வேரைத் தோண்டின. அவற்றை விரட்ட ஒரு காவல்காரர் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஊரில் ஒன்பது வருஷம் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் எல்லாரும் அவரைப் பட்டாளத்தார் என்றே கூப்பிட்டார்கள். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை அவரிடம் ஒரு பழைய பட்டாளத் துப்பாக்கியைக் கொடுத்திருந்தார். நீளக் குழல், கறுத்துப்போன கட்டை, பின்னால் கைப்பிடியைத் தூக்கி இழுக்கிற போல்ட்டு. யார் யார் கையிலோ இருந்துவிட்டு வந்தது. துரைக்கும் அதன் வயது தெரியாது.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். பட்டாளத்தார் கன்றுக்காட்டிலிருந்து திரும்பி, பால் சேர்க்கும் கொட்டகைப் பக்கம் வந்திருக்கிறார். ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வருமுன் தோட்டாவை வெளியே எடுத்துவிடுவது அவர் வழக்கம். அதற்குப் போல்ட்டைத் திறக்க வேண்டும். தவறி வெடிக்காமலிருக்கப் போல்ட்டின் பின்னால் ஒரு பூட்டு உண்டு; அதைப் போட்டிருந்தால் போல்ட்டு அசையாது. அதனால் குழலைத் தரைக்குக் காட்டிப் பிடித்துக்கொண்டு, முதலில் பூட்டைத் திறந்திருக்கிறார். துப்பாக்கி வெடித்தது. குண்டு செம்பாறையில் பட்டுச் சிதறி, கொட்டகை ஓரம் வாளியோடு உட்கார்ந்திருந்த பால்வெட்டும் பெண் ஒருத்தியின் இடது காலில் பாய்ந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"விசையில கையே வைக்கல. பூட்டைத் தெறந்தேன், வெடிச்சிருச்சு" என்று பட்டாளத்தார், ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடமும் துரையிடமும் சொன்னார்.

துரை துப்பாக்கியை என்னிடம் அனுப்பினார். பூட்டைச் சோதித்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கென்று பார்த்து ரோலரின் பேரிங் ஒன்று எரிந்துபோயிருந்தது. தகடுகள் உருட்டாமல் குவிந்து கிடந்தன. நான் துப்பாக்கியை மேசைமேல் வைத்து, தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு சோதித்தேன். பூட்டைப் போட்டு விசையை இழுத்தேன், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி பாயவில்லை. பூட்டைத் திறக்காமலே இருபது முப்பது தடவை இழுத்தேன். பிறகு விசையைத் தொடாமல் பூட்டைப் போட்டுப் போட்டுத் திறந்தேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மொத்தம் ஒரு மணி நேரம்கூட இருக்காது.

"பூட்டு நல்லாத்தான் இருக்கு" என்று கிராணியிடம் சொன்னேன். அவர் அதை இங்கிலீஷில் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு பேரிங்கைக் கழற்றப் போனேன்.

அடுத்த கப்பலுக்கான பட்டியலில் பட்டாளத்தார் பெயர் ஏறியது. வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவருக்குக் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை. காகிதத்தில் சொன்னவனே நான்தானே.

நாலைந்து நாள் கழித்து அவர் ஸ்டோருக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவரோ வாசல் ஓரமாக நின்றார்.

"நீங்க நல்லாப் பாத்தீங்கல்ல, இஞ்சின் தம்பி?"

"பாத்தேண்ணே. பூட்டு புடிக்குது."

"அப்ப என் வெரலுதான் பட்டிருக்கணும்." வலக்கை ஆள்காட்டி விரலை விரித்துப் பார்த்தார், யாருடையதையோ பார்ப்பதுபோல. "படலைன்னுதான் எனக்கு ஞாபகம். ஆனா ஞாபகத்த என்னத்த நம்பறது? ராத்திரி படுத்தா படல படலன்னு தோணுது, விடிஞ்சா பட்டிருக்குமோன்னு தோணுது. எனக்கே தெரியாமப் போச்சு தம்பி."

நான் "உக்காருங்கண்ணே" என்றேன். அவர் உட்காரவில்லை.

அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், அவர் தினமும் குழாயடியிலிருந்து ஒரு டின் தண்ணீர் பிடித்து அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். டின்னை மட்டும் பிறகு எடுத்துக்கொள்வாள். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அவரவர் களைப்பே போதுமானதாக இருந்தது.

மூன்றாவது வாரம், மழை பிடித்துக்கொள்ளும் முன் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு வைக்கும்படி துரை சொல்லி அனுப்பினார். தகடுகளைப் புகைக்கூடத்தில் ஏற்றிவிட்டு, பிற்பகலில் அதை எடுத்தேன். போல்ட்டைத் திறந்து தோட்டா இல்லை என்று பார்த்து மூடி, பழக்கத்தில் பூட்டைப் போட்டேன். எண்ணெய்த் துணியால் குழலைத் துடைத்து, விசையைச் சுற்றிய வளையத்துக்குள் துணியைச் செருகி இழுத்தேன். துணி விசையில் சிக்கியது. எடுத்துவிட்டேன். பிறகு போல்ட்டைக் கழற்றுவதற்காகப் பூட்டைத் திறந்தேன்.

'டக்' என்று ஊசி பாய்ந்தது.

என் கை விசைக்குப் பக்கத்தில்கூட இல்லை. எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மறுபடியும் செய்து பார்த்தேன். பூட்டு, விசையில் ஒரு தொடல், விரலை எடுத்தல், பூட்டைத் திறத்தல். 'டக்'. இன்னொரு தடவை செய்தபோது பாயவில்லை. அதற்கடுத்த தடவை பாய்ந்தது. முதல் நாள் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் செய்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தடவை பூட்டைத் திறந்தது, பாயாத தடவையாக அமைந்துவிட்டது. அடுத்தடுத்துச் சேர்த்துச் செய்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் ஒரு நிமிஷம் அந்த மேசைப் பக்கம் நின்றிருந்தால் தோன்றியிருக்கும்.

போல்ட்டைக் கழற்றி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, உரசும் இடங்களில் தடவிப் பார்த்தேன். பேரிங் பொருந்துகிறதா என்று நாங்கள் பார்ப்பது அப்படித்தான். ஊசியின் வாலை ஒரு சிறு பல் பிடித்து நிறுத்தியிருக்கிறது. விசையை இழுத்தால் அந்தப் பல் கீழே இறங்கி ஊசியை விட்டுவிடும். பூட்டைப் போடும்போது, அது வாலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பல்லிலிருந்து விலக்கிவிட வேண்டும். அப்போதுதான் விசையைத் தொட்டாலும், பல் இறங்கி மறுபடி தன் இடத்துக்கே ஏறும். இந்தப் பூட்டின் விளிம்பு நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அந்த இடத்தில் பழைய அரத் தடங்களும் இருந்தன. எந்தக் காலத்திலோ எவனோ ராவியிருக்கிறான். அதனால் வால் பின்னுக்கு நகரவில்லை. விசை பட்டதும் பல் இறங்கியது, வால் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. பல் திரும்ப ஏற முடியவில்லை. அதற்குப் பிறகு ஊசியைப் பிடித்து வைத்திருந்தது பூட்டு ஒன்றுதான். பூட்டைத் திறந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

கன்றுக்காட்டில் இடுப்புயரம் முள்ளும் கொடியும் இருந்தன. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவருக்கு, ஒரு கொடி விசையில் சிக்கி இழுத்துவிட்டு விலகியது தெரிந்திருக்காது. அவர் பூட்டை ஒழுங்காகப் போட்டிருந்தார். ஆட்களிடம் வருமுன் தோட்டாவை எடுக்க ஒழுங்காகத் திறந்தார். அப்படி ஒழுங்காகச் செய்ததால்தான் அந்தப் பெண்ணின் கால்விரல்கள் போயின.

உடனே துரையின் ஆபீசுக்கு நடந்தேன். கப்பலுக்கு ஆள் ஏற்றும் லாரி வர ஐந்து நாள் இருந்தது. முதலில் சொன்னது தப்பு என்று சொல்லப்போகிற களைப்பு, பகல் முழுக்க இஞ்சினோடு நின்ற களைப்பைவிடப் பெரிதாக இருந்தது.

துரைக்குத் தோட்டத்தில் பொறுக்கிய அரைகுறைத் தமிழ் தெரியும்.

"நீ முந்தி நல்லது சொன்னான். இப்போ கெட்டது சொல்றான். எது நெசம்?"

"இப்ப சொல்றதுதான் துரை. முந்தி நான் சரியாப் பாக்கல."

செய்து காட்டினேன். துரை துப்பாக்கியை வாங்கி, தோட்டா இல்லையென்று தானே பார்த்துக்கொண்டு, தானே செய்தார். முதல் தடவை ஒன்றுமில்லை. அவர் என்னைப் பார்த்தார். இரண்டாம் தடவை 'டக்'. மூன்றாம் தடவையும் 'டக்'. அதைத் தாம்தான் பட்டாளத்தார் கையில் கொடுத்தோம் என்று அப்போது நினைத்திருப்பாரா, தெரியாது.

"ரிப்பேர் செய்ய முடியுமா?"

"முடியாது துரை. பித்தளை வச்சு ஒட்டலாம். ஆனா நான் அதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. போல்ட்டைக் கழற்றித் தம் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். கிராணியைக் கூப்பிட்டுப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னார். காவல் வேலை இனி கிடையாது, வேண்டுமானால் புல் வெட்டுகிற கூட்டத்தில் இருக்கலாம் என்றார். துரை அவ்வளவுதான் செய்தார். பட்டாளத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

மறுநாள் போல்ட்டைக் கேட்டு வாங்கிவந்து துப்பாக்கியில் மாட்டி, பட்டாளத்தாரை ஸ்டோருக்கு அழைத்துக் காட்டினேன். அவர் தாமே விசையைத் தொட்டு, விரலை எடுத்து, பூட்டைத் திறந்தார். 'டக்'. இன்னொரு தடவை செய்தார். பிறகு துப்பாக்கியை மேசையில் மெதுவாக வைத்துவிட்டுத் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் இஞ்சின் பக்கம் போய், வேலையே இல்லாத ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "மொத தடவ எவ்வளவு நேரம் பாத்தீங்க, தம்பி?"

"ஒரு மணி நேரம் இருக்கும்ணே. கொறச்சலாவும் இருக்கும்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பொண்ணுகிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்."

அவள் லயத்து வாசலில், கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"மொதல்ல நல்லாருக்குன்னு சொன்னதும் நீங்கதானாமே?"

"ஆமா, தங்கச்சி."

"அப்ப இத மட்டும் எப்படிண்ணே நம்பறது?"

சரியான கேள்விதான். கைத்தடி ஊன்றி அவள் ஸ்டோர்வரை நடந்து வந்தாள். நடுவில் இரண்டு இடத்தில் நின்றாள். நான் பூட்டைப் போட்டுத் துப்பாக்கியை மேசைமேல் கிடத்தினேன். "விசைய லேசா இழுத்துட்டு விடு" என்றேன். தொட்டாள். "இப்ப கைய எடுத்துக்கோ." நான் பூட்டைத் திறந்தேன். சத்தம் கேட்டதும் அவள் பின்னால் சாய்ந்துவிட்டாள். ரோலரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெனமும் தண்ணி வச்சிட்டுப் போறாரு. ஒரு நாளு அதக் கீழ ஊத்திட்டேன், அவரு பாக்குற மாதிரி" என்றாள். பிறகு, "யார் மேல கோவப்படறதுன்னே இல்லாமப் போச்சுண்ணே" என்றாள். அழவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தாள்.

துரை புதுப் பூட்டு கேட்டுத் துப்பாக்கிக் கம்பெனிக்கு இரண்டு தடவை எழுதிப் போட்டார். அந்த மாதிரித் துப்பாக்கியை இப்போது யாரும் செய்வதில்லை என்று பதில் வந்தது. பன்றிகளைத் தகரம் தட்டி விரட்டினார்கள். பாதிக் கன்று போயிற்று.

பட்டாளத்தார் பதினோரு மாதம் புல் வெட்டினார். அந்தப் பெண் மறுபடி பால் வெட்டப் போன பிறகு, அவள் வரிசையின் கடைசி மரங்களிலிருந்து கொட்டகைக்கு வாளியை அவர் தூக்கிக்கொண்டு வருவதைச் சில நாள் பார்த்திருக்கிறேன். அவள் இரண்டடி பின்னால் தாங்கித் தாங்கி வருவாள். பேசிக்கொள்வார்களா என்று தெரியாது. விலை கொஞ்சம் ஏறியதும், அவர் மலைக்கு அந்தப் பக்கம் வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது ஸ்டோர் வாசலில் நின்று, "வரேன் தம்பி" என்றார். இஞ்சின் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது. பெல்ட்டிலிருந்து கையை எடுக்க முடியவில்லை, தலையை மட்டும் அசைத்தேன்.