பழைய ரயில் படங்களும் என் அண்ணனும்

தோழிகளே, இதை நம் வகுப்புப் பெண்களைத் தவிர யாருக்கும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாவின் போனில், போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

வரலாறு டீச்சர் சொன்னபடி, வெள்ளைக்காரன் காலத்து ரயில் நிலையப் படங்களை நோட்டில் ஒட்டியிருந்தேன். மண் சுமக்கும் பெண்கள், பாதி கட்டிய பாலம், பிளாட்பாரத்தில் தலைப்பாகைக் கூட்டம்.

இன்று அண்ணன் அதைப் புரட்டினான்.

"இன்னாடி இது, பக்கத்துக்குப் பக்கம் ஸ்டேஷனு? எவங்கூட ஓடப் போற?"

"அண்ணா, இதுல இருக்கறவங்கல்லாம் செத்து நூறு வருசமாச்சு."

"வாய் வேறயா? நாளைலேர்ந்து பள்ளிக்கூடம் கெடையாது."

அப்பாவும் தலையாட்டிவிட்டார்.

நான் ரயிலில் ஏறியதே இல்லை. போளூர் பஸ்ஸில் ஏறக்கூட அண்ணனிடம் கேட்க வேண்டும்.

காலையில் டீச்சரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து பேசச் சொல்லுங்கள். அந்தத் தலைப்பாகைக்காரர்களில் நான் யாரோடு ஓடலாம் என்றும் நீங்களே சொல்லு

கதவைத் தட்டுகிறான்