லூபெர்த்தோவின் கல்லீரல்

பிலிப்பைன்ஸின் துமாகெத்தேயில் டாக்டர் தெவேஸின் கிளினிக்கில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் எடித்தாவின் வேலை. நாற்பது வயதில் அவளுக்கு ஸ்கேன் எடுக்கக் கற்கும் ஆசை வந்தது. மதியம் சும்மா கிடக்கும் மெஷினில் பழகிக்கொள்ள டாக்டர் சம்மதித்தார்.

பழக ஓர் உடம்பு வேண்டுமே. பெடிகேப் என்ற மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டும் அவள் கணவன் லூபெர்த்தோ மதியச் சோற்றுக்கு அங்கே வருவான். அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றில் ஜெல் தடவி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வாள். இரண்டாவது மூச்சிலேயே அவன் தூங்கிவிடுவான்.

நோயாளியின் வலப்பக்கம் திரையில் இடது ஓரத்தில் தெரிய வேண்டும். புத்தகப் படத்தில் கல்லீரல் அங்கேதான் இருந்தது. லூபெர்த்தோவுக்கு அது வலது ஓரத்தில் வந்தது. இடமும் வலமும் ஆரம்பத்தில் யாரையும் குழப்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றில் வைத்துப் பார்க்கும் கருவியின் பக்கவாட்டில் ஒரு சிறு மேடு உண்டு. குறுக்காகப் பிடிக்கும்போது அது நோயாளியின் வலப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தான்தான் மாற்றிப் புரிந்துகொண்டோம் என்று முடிவு செய்து, எடித்தா அதை இடப்பக்கம் திருப்பினாள். படம் புத்தகம் மாதிரியே வந்தது. அப்படியே பழகினாள்.

செபு நகரத்தில் பரீட்சை. "மேடு தப்பான பக்கம் இருக்கும்மா" என்றார் பரீட்சை வைத்தவர்.

"எங்க வீட்டுக்காரருக்கு இப்படித்தாங்க சரியா வருது."

தோற்றுப்போனாள். கப்பலேறி ஊர் திரும்பி, நடந்ததை டாக்டரிடம் சொன்னாள்.

சரியாகப் பிடித்துக் காட்டுகிறேன் என்று டாக்டர் தெவேஸே லூபெர்த்தோவைப் படுக்கவைத்தார். கருவியை வைத்தார், எடுத்தார், மேட்டைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு அவன் நெஞ்சின் வலப்பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"மெஷின்ல கோளாறு இல்ல எடித்தா. உன் கைலயும் இல்ல. இவருதான் உள்ளுக்குள்ள எல்லாமே பக்கம் மாறிப் பொறந்திருக்காரு."

செத்துவிடுவேனா என்று லூபெர்த்தோ கேட்டான். மாட்டீர்கள், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர்.

அவன் டாக்டர்களிடம் மட்டுமா சொன்னான்? வண்டியில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னான். "நான் நேராத்தான் பெத்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் என்ன ஆச்சோ" என்று அவன் அம்மா சந்தைவரை புலம்பினாள்.

எடித்தாவுக்கு அவன்மேல் இரண்டு நாள் கோபம் இருந்தது. எதற்கென்று அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு நாத்தனாரைப் படுக்கவைத்துப் பழகி, அடுத்த தடவை தேறினாள்.

செபு கல்லூரியில் இப்போது வருஷம் ஒரு தடவை மாணவர்களுக்குக் காட்ட லூபெர்த்தோவைக் கூப்பிடுகிறார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுக்கிறான். எடித்தா அவனோடு போவதில்லை.