அண்ணன் முகத்தில் இன்னொருவர்

மலாய் தேசத்தில், காஜா பேராங் என்ற இடத்தில் குடியேறிய நாளிலிருந்து எனக்கு ஒரு தடுமாற்றம். எதிரே வருகிறவருக்கு நெற்றியில் திருநீறு, நம் பக்கத்து நிறம், நம் பக்கத்து மூக்கு. பேச்சுக் கொடுத்தால் பதில் மலாயில் வரும். இவர்களைச் சிட்டிகள் என்பார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன் நம் தேசத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள். பாஷை போய்விட்டது, கும்பிடும் சாமி போகவில்லை.

மெர்டேக்கா என்று இங்கே சுதந்திரக் கொடி ஏறிய வருஷம், மார்கழியில், அவர்களில் ஒருவரைக் அம்மன் கோயில் கூட்டத்தில் கண்டேன். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு என் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு போன என் அண்ணன் அப்படியே நின்றார். கூடின புருவம், கன்னத்தோடு ஒட்டிய காது மடல், எல்லாம் அவரேதான். கிட்டே போவதற்குள் கூட்டம் மறைத்துவிட்டது. அன்றே ஊரிலிருக்கும் அண்ணிக்கு எழுதினேன்: "அண்ணன் உயிரோடு இருக்கிறார். கண்ணால் கண்டேன்." பதினான்கு வருஷமாக அண்ணி தாலியைக் கழற்றவில்லை. அவளுக்கு ஒரு நாள்கூடத் தாமதிக்க எனக்கு மனம் வரவில்லை.

மறு வெள்ளிக்கிழமை அதே கோயிலில் அவர் கையைப் பிடித்துவிட்டேன். "அண்ணே, நான்தாண்ணே!"

அவர் சிரித்தார். "சயா ஓராங் சினி லா." நான் இந்த ஊர்க்காரன் என்கிறார்.

"கைய விடுங்க," என்றாள் என் மனைவி. "இவருக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்குமா? உங்கண்ணன் இருந்தா இப்ப ஐம்பதுல்ல?"

அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனபோது இருந்த வயதிலேயே நான் அவரைத் தேடியிருக்கிறேன். முகஜாடையெல்லாம் ரத்தத்தில் இறங்கி வரும் என்று தமிழ்ப்பள்ளி வாத்தியார் பிறகு சொன்னார். என்றைக்கோ ஒரு பாட்டனின் முகத்தை அவர்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் விட்டுவைத்த ஆத்தா, அண்ணனை மட்டும் ஏன் விட்டுவைக்கவில்லை? கேட்டுக் கும்பிட்டேன்.

அண்ணியின் கடிதம் வந்தது, யாரிடமோ சொல்லி எழுதியது. "அவர் ஏன் ஒரு வரி எழுதவில்லை? என்மேல் கோபமா?" ஆள் மாறிப் பார்த்துவிட்டேன் என்று நான் இன்னும் எழுதியிருக்கவில்லை.

அண்ணன் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்தச் சிட்டிக்காரர், போகியன்று என்னை வீட்டுக்கு அழைத்தார். இறந்த முன்னோருக்கு இலை போட்டுச் சோறு படைப்பது அவர்கள் வழக்கம். கடைசியில் ஓர் இலையைக் காட்டி, "உங்க அபாங்குக்கு," என்றார் மலாயில். அபாங் என்றால் அண்ணன். அந்த முகம் சொல்லும்போது எப்படி மறுப்பேன்?

பிறத்தியார் முன்னோர் வரிசையில் என் அண்ணனுக்குச் சோறு வைத்தேன். அந்த வேளையில், ஊரில் அண்ணி குளித்து முழுகி நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருப்பாள்.